துமியும் உழைப்பும்: திரவங்களை நுண்துளியாக்கல் பற்றிய ஒரு நோக்கு

கம்பரையும் ஒட்டக்கூத்தரையும் பற்றி வழங்கும் கர்ணபரம்பரைக் கதைகளுள் ஒன்று 'துமி' என்னுஞ் சொல்லைப் பற்றியது. கம்பர் தமது இராமகாதையில் நீர்த்துளியைக் குறிக்க அச்சொல்லை ஆண்டார் என்றும், அது வழக்கிலில்லாத சொல்லென ஒட்டக்கூத்தர் மறுத்தார் என்றும், வழக்கிலுண்டென நிறுவும்பொருட்டு ஆயர் தெருவுக்குச் சென்றனர் என்றும் கதை கூறும். அங்கே தயிர் கடைந்துகொண்டிருந்த பெண்ணொருத்தி, அருகே நின்ற பிள்ளைகளை நோக்கி, துமி தெறிக்கும், எட்ட நில்லுங்கள் என்றாளாம். வழக்குத் தீர்ந்தது. ஆனால் கதை அத்துடன் நிற்பதில்லை. அப்பெண் உண்மையில் ஆய்ச்சியல்லள், கம்பருக்கு உதவ வந்த கலைமகளே என்று அது முடிகின்றது. புலவரின் சொல்லுக்குச் சான்று பகர்ந்தவள் மத்துப் பிடித்த ஓர் உழைப்பாளிப் பெண் என்பதைப் பொறுக்கமாட்டாத மரபு, அவளைத் தெய்வமாக்கித் தெருவிலிருந்து அகற்றிவிட்டது எனலாம்.

கதை நடந்ததோ இல்லையோ, அதிலுள்ள அவதானம் மெய்யானது. திரவமொன்றை வேகமாகக் கலக்கினால் அதன் பரப்பிலிருந்து துளிகள் பிரிந்து தெறிக்கும். அவற்றின் வீச்சுக்குள் நிற்பவர் நனைவர். இவ்வாறு திரவத்தைச் சிறு துளிகளாகச் சிதறச் செய்யும் தொழிலே இக்கட்டுரையின் பொருள். ஆங்கிலச் சொல்லின் நேர்பொருளைத் தழுவி இதனை 'அணுவாக்கல்' என்பாரும் உளர். அது பிழையான வழிகாட்டல். நூறில் ஒரு மில்லிமீற்றர் விட்டமுள்ள நீர்த்துளியிலும் ஏறத்தாழப் பதினேழு இலட்சம் கோடி மூலக்கூறுகள் உள்ளன. அணுவுக்கும் அதற்கும் வெகுதூரம். கடைந்தவளின் சொல்லே நமக்குப் போதுமானது. ஆதலின், இனித் துமியாக்கல் என்றே வழங்குவோம்.

திரவத்தை ஏன் துமியாக்க வேண்டும்? திரவத்துக்கும் அதைச் சூழ்ந்துள்ள உலகுக்குமிடையே நிகழ்வனவெல்லாம் அதன் மேற்பரப்பிலேயே நிகழ்கின்றன என்பதே விடை. எரிதல், ஆவியாதல், இலையில் ஒட்டுதல், தோலிலோ நுரையீரலிலோ உறிஞ்சப்படுதல் ஆகியன யாவும் அத்தகையனவே. ஓர் இலீற்றர் நீரை ஒரே கோளமாகத் திரட்டினால் அதன் விட்டம் ஏறத்தாழ 12.4 சென்ரிமீற்றர், பரப்பளவு சுமார் 480 சதுர சென்ரிமீற்றர், அதாவது ஒரு சஞ்சிகையின் ஒரு பக்கமளவே. அதே நீரைப் பத்திலொரு மில்லிமீற்றர், அதாவது 100 மைக்கிரோமீற்றர் விட்டமுள்ள துளிகளாகப் பிரித்தால் ஏறத்தாழ 190 கோடித் துளிகள் கிடைக்கும். அவற்றின் மொத்தப் பரப்பளவு 60 சதுர மீற்றர். துளியின் விட்டத்தை இன்னும் பத்திலொன்றாக்கி 10 மைக்கிரோமீற்றர் ஆக்கினால் பரப்பளவு 600 சதுர மீற்றராகும். பன்னிரண்டு மீற்றர் அகலமும் ஐம்பது மீற்றர் நீளமுமுள்ள வயற்றுண்டொன்றுக்கு அது ஒப்பு. விட்டம் எத்தனை மடங்கு குறைகிறதோ அத்தனை மடங்கு பரப்புப் பெருகும்.

இவ்விடத்திலே நம் தோழர்கள் சிலருக்கு ஏங்கெல்சின் 'இயற்கையின் இயங்கியல்' நினைவுக்கு வரக்கூடும். அளவு மாற்றம் பண்பு மாற்றமாதற்குக் கொதிக்கும் நீரையே எடுத்துக்காட்டி அலுத்துப்போன வகுப்புகளுக்கு, துமி புதியதோர் உதாரணமாகத் தோன்றலாம். எனினும் அவசரப்படலாகாது. இங்கு திரவத்தின் மொத்த அளவு ஒரு சொட்டுத்தானும் கூடவில்லை, வெப்பமும் ஏற்றப்படவில்லை. மாறியது பிரிவினை மட்டுமே. விதியொன்றை முன்னரே கையில் வைத்துக்கொண்டு இயற்கையில் அதற்குச் சான்று தேடுவதைவிட, பிரிவினை எவ்வாறு நிகழ்கின்றது, அதற்கு யார் என்ன விலை கொடுக்கின்றனர் என்று பார்ப்பதே பயனுடைத்து.

விலை பரப்பிழுவிசையிலிருந்து தொடங்குகின்றது. திரவத்தின் உள்ளேயிருக்கும் மூலக்கூற்றை அயல் மூலக்கூறுகள் எல்லாத் திசைகளிலும் ஈர்க்கின்றன. மேற்பரப்பிலுள்ளதையோ உள்நோக்கியே ஈர்க்கின்றன. ஆதலால் திரவம் எப்போதும் தன் பரப்பைக் குறைக்கவே முயலும். துளி உருண்டையாவதும் இதனாலேயே. புதிய பரப்பை உண்டாக்க வேண்டுமாயின் சக்தி செலவிட வேண்டும். நீருக்குச் சதுர மீற்றரொன்றுக்கு ஏறத்தாழ 0.072 யூல். ஆகவே ஓர் இலீற்றர் நீரை 100 மைக்கிரோமீற்றர்த் துளிகளாக்கத் தேவையான சக்தி, கணக்கின்படி, 4.3 யூல் மாத்திரமே. அதே இலீற்றர் நீரை அரை மீற்றர் உயரத்துக்குத் தூக்கவும் அது போதாது. அவ்வளவு மலிவு.

நடைமுறை வேறு. முதுகிற் சுமக்கும் விசிறு கருவியொன்றில் நீரை வளிமண்டல அமுக்கத்தைப் போல் மும்மடங்கு அமுக்கத்தில் வெளித்தள்ளுகிறோமெனக் கொண்டால், இலீற்றர் ஒன்றுக்கு ஏறத்தாழ 300 யூல் செலவாகும். ஒன்றரை வீதத்துக்குங் குறைவான பங்கே புதிய பரப்பாக மாறுகின்றது. எஞ்சியது செக்கனுக்கு இருபது மீற்றருக்கு மேற்பட்ட வேகத்தில் வெளிவரும் நீரின் ஓட்டத்திலும், உராய்விலும், அயல் வளியைக் கலக்குவதிலும் கழிகின்றது. 300 யூல் என்பது ஓர் இலீற்றர் நீரை முப்பது மீற்றர் உயரத்துக்கு ஏற்றும் வேலை. பதினாறு இலீற்றர் கொள்ளும் ரேங்க் ஒன்றை விசிறி முடிப்பவர், முதுகிற் பாரம் சுமந்து நடப்பதைத் தவிரவும், அத்தனை நீரையும் பத்து மாடிக் கட்டடத்தின் உச்சிக்கு ஏற்றும் வேலையைத் தம் ஒரு கையால் நெம்புகோலை அடித்தே செய்துவிடுகிறார். பிற்பகலில் வயலிலிருந்து திரும்புபவரின் இடது தோள் ஏன் வலிக்கிறது என்பதற்குப் பௌதிகவியலிலும் விடையுண்டு.

இத்தனை சக்தி வீணாகாமல் நீரைப் பிரிக்க முடியாதா? சிறிய துவாரமொன்றால் நீரை ஒழுகவிட்டால் என்ன என்று ஒருவர் கேட்கலாம். இக்கேள்வியைப் பத்தொன்பதாம் நூற்றாண்டினர் தீர்த்துவைத்தனர். பிரான்சில் சவார் 1833ஆம் ஆண்டில் ஒழுகும் நீர்த்தாரை தானாகவே துளிகளாக உடைவதை ஆராய்ந்தார். பெல்ஜியத்தைச் சேர்ந்த பிளாத்தோ, வாழ்நாளின் பிற்பாதியைப் பார்வையிழந்த நிலையிற் கழித்தவர். பிறர் கண்டு சொல்ல, உருளை வடிவான நீர்த்தாரை தன் சுற்றளவிலும் நீண்ட அலைகள் தோன்றியதும் நிலைகுலையும் என்று நிறுவினார். இங்கிலாந்தில் ரேலி 1870களின் இறுதியில் அதைக் கணிதமாக்கினார். அவரது முடிவின்படி இவ்வாறு உடையும் துளியின் விட்டம் தாரையின் விட்டத்தைப்போல் ஏறக்குறைய 1.9 மடங்காகும். அதாவது துளி துவாரத்திலும் பெரியது. 100 மைக்கிரோமீற்றர்த் துளி வேண்டின் தலைமயிரளவுத் துவாரம் வேண்டும். வயல்நீரிலுள்ள ஒரு மணற்றுகள் அதை அடைத்துவிடும்.

ஆகவே பெரிய துவாரத்தினூடாகவே சிறிய துளியைப் பெற வேண்டும். இது முரண்பாடாகத் தோன்றும். நீரைத் தாரையாக விடாது தகடாக விரிப்பதே இதற்குக் கண்டுபிடிக்கப்பட்ட வழி. விவசாயிகள் 'நொசில்' என வழங்கும் விசிறுமுனையைக் கழற்றிப் பார்த்தால், துவாரத்தின் பின்னே சரிவான பள்ளங்கள் வெட்டப்பட்ட சிறிய துண்டொன்று காணப்படும். நீர் அப்பள்ளங்களினூடு பக்கவாட்டாகப் புகுந்து சுழல்கின்றது. சுழற்சியால் நீர் சுவரோடு ஒதுங்க, நடுவே காற்றுத் தண்டொன்று உண்டாகின்றது. துவாரத்தால் வெளிப்படுவது நிறைந்த தாரையன்று, உட்குழிந்த மெல்லிய கூம்புத் தகடு. வெளியே வந்ததும் அது விரியும், விரியவிரிய மெலியும், காற்றில் படபடக்கும், விளிம்பு கிழிந்து இழைகளாகும், இழைகள் ரேலியின் விதிப்படி துளிகளாகும். கண்ணிமைக்கும் நேரத்துள் நிகழும் இந்நாடகத்தைத்தான் நாம் 'விசிறல்' என்ற ஒரு சொல்லால் கடந்துபோகிறோம்.

வேறு முறைகளும் உள. விரைந்து செல்லும் வளியை நீர்மேற் பாய்ச்சி அதைக் கிழிக்கலாம். வாகனங்களுக்கு வர்ணமடிப்பவரின் கருவி அவ்வகையது. சுழலும் தட்டின் நடுவில் திரவத்தை விட்டால் அது விளிம்பிலிருந்து ஏறத்தாழ ஒரே பருமனான துளிகளாகப் பறக்கும். செவிக்குப் புலனாகாத அதிர்வினாலும் மின்னேற்றத்தாலும் கூடத் துமியாக்குவர். எவ்வழியாயினும், துளியை உடைக்க முயலும் வளியின் சடத்துவத்துக்கும் அதைச் சேர்த்துப் பிடிக்கும் பரப்பிழுவிசைக்குமிடையிலான போட்டியே அடிப்படை. மழைத்துளி ஐந்தாறு மில்லிமீற்றருக்கு மேல் வளர்வதில்லை என்பதும் அப்போட்டியின் விளைவே. அதற்கு மேல் வளர்ந்தால் விழும் வேகத்திற் காற்றே அதை உடைத்துவிடும்.

துமியின் பரப்பு எத்துணை முக்கியமானது என்பதை வடபகுதி மக்கள் பாடநூல் இன்றியே கற்றுக்கொண்ட காலமொன்று உண்டு. 1990களின் முற்பாதியில் யாழ்ப்பாணத்துக்கு எரிபொருள் செல்வது தடைப்பட்டிருந்தபோது, பெற்றோலுக்கெனச் செய்யப்பட்ட மோட்டார் சைக்கிள்களும் பழைய கார்களும் மண்ணெண்ணெயில் ஓடின. இயந்திரத்தின் காபுரேற்றர் குறுகிய தொண்டையொன்றினூடாக வளியை விரைந்து இழுக்கிறது. அங்கே அமுக்கம் குறைய, எரிபொருள் உறிஞ்சப்பட்டு அவ்வளியோட்டத்தாலேயே துமியாகின்றது. பெற்றோலின் துமி குளிர்ந்த இயந்திரத்திலும் உடனே ஆவியாகும். அதன் ஆவி பூச்சியத்துக்குக் கீழ் நாற்பது பாகை அளவிலும் தீப்பற்றவல்லது. மண்ணெண்ணெய்க்கோ நாற்பது பாகையளவு வெப்பம் வேண்டும். ஆதலால் முதலிற் சில துளி பெற்றோலை விட்டு இயந்திரத்தை இயக்கிச் சூடாக்கி, பின்பு மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். துமியாக்கலுக்கு இயலாததை வெப்பத்தால் ஈடுசெய்த தீர்வு அது. புகை கண்ணெரித்தது என்று அக்காலத்தவர் கூறுவர். முற்றாக ஆவியாகாத துளிகள் அரைகுறையாய் எரிந்ததன் விளைவு அது. என் தந்தையார் தலைமுறையினரின் இத்தகைய தொழினுட்ப அறிவு நமது ஆய்வுகளில் இன்னும் உரியவாறு பதிவாகவில்லை என்பது தனியே பேசவேண்டிய விடயம்.

துமி உருவானபின் அது எங்கே செல்கின்றது என்பது அடுத்த கேள்வி. 100 மைக்கிரோமீற்றர்த் துளி அசைவற்ற வளியில் ஒரு மீற்றர் உயரத்திலிருந்து நான்கு செக்கன்களில் நிலத்தை அடையும். 10 மைக்கிரோமீற்றர்த் துளிக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டும். செக்கனுக்கு ஒரு மீற்றர் வேகமுள்ள இளங்காற்றில் முன்னது நான்கு மீற்றர் தள்ளி விழும். பின்னது முந்நூறு மீற்றருக்கப்பால், அயலவரின் கிணற்றடியில் விழக்கூடும். உண்மையில் அது துளியாகவே போய்ச் சேராது. சிறு துளியின் நீர் நம் நாட்டு வெயிலிற் சில செக்கன்களுள் ஆவியாகிவிட, கரைந்திருந்த பொருள் மட்டும் காற்றில் மிதந்து செல்லும். இதே நுண்மையை மருத்துவம் வேண்டுமென்றே நாடுகின்றது. ஏறத்தாழ ஐந்து மைக்கிரோமீற்றருக்குட்பட்ட துளிகளே நுரையீரலின் ஆழத்தை எட்டும் என்பதால் ஆஸ்துமா நோயாளர் உள்ளிழுக்கும் மருந்து அவ்வளவாகத் துமியாக்கப்படுகிறது. அளவிட்டு வெளிவிடும் கையடக்கக் கருவி 1956இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. மனிதரின் இருமலும் பேச்சும் அவ்வளவான துமியை உண்டாக்கும், அதன் நீர் வற்றியபின் எஞ்சும் கரு நெடுநேரம் மிதக்கும் என்று வெல்ஸ் என்பார் 1934இலேயே எழுதினார். எனினும் 2020இல் கொவிட்-19 பரவியபோது உலக சுகாதார நிறுவனம் பெருந்துளிகளையும் தொடுகையையுமே முதன்மைப்படுத்தியது. நுண்துமி வழியான பரவலைத் தெளிவாக ஏற்க 2021 வரை சென்றது. ஒரு மீற்றர் தள்ளி நில்லுங்கள் என்று சொல்வது இலகு. ஆடைத் தொழிற்சாலைக்கும் லயன் காம்பராவுக்கும் காற்றோட்டம் வேண்டும் என்று சொன்னால் யாரோ செலவு செய்ய வேண்டிவரும். 2020 ஒக்டோபரில் இந்நாட்டின் இரண்டாம் அலை மினுவாங்கொடையில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் வெளிப்பட்டதை ஈண்டு நினைவுகூரலாம்.

எனினும் துமியின் சமூக வரலாற்றை முழுமையாகக் காணவேண்டுமாயின் விவசாயத்துக்கே செல்லவேண்டும். மேலே விவரித்த சுழலறை விசிறுமுனை ஆய்வுகூடத்திற் பிறந்ததன்று. 1880களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென்பகுதியிற் பருத்திப் புழுவை ஒழிக்கும் முயற்சியில், இலையின் அடிப்புறத்துக்கு ஆசனிக்கு நஞ்சைச் செலுத்தவேண்டி, பூச்சியியலாளர் ரைலியின் கீழ்ப் பணிபுரிந்தோர் அதனை உருவாக்கினர். ஏறக்குறைய அதே காலத்தில் பிரான்சின் போர்தோப் பகுதியில், பேராசிரியர் மில்லார்தே திராட்சைத் தோட்டங்களின் பாதையோர வரிசைகள் மட்டும் பூஞ்சண நோய்க்குத் தப்பியிருப்பதைக் கண்டார். வழிப்போக்கர் பழம் பறிக்காதிருக்க அவ்வரிசைகளில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து தெளித்திருந்தனர். 1885இல் அவர் வெளியிட்ட போர்தோக் கலவை இவ்வாறு, தனியுடைமையைக் காக்க நஞ்செனத் தோற்றங்காட்டிய பூச்சொன்றிலிருந்து பிறந்தது. தொடக்கத்தில் அதனை விளக்குமாறு போன்ற கட்டுகளால் உதறித் தெளித்தனர். பின்னர் வெர்மோரல் என்பாரின் தொழிற்சாலை அமெரிக்க முனையைத் திருத்தி, முதுகிற் சுமக்கும் செப்புக் கலத்தோடு இணைத்து விற்றது. இன்று நம் வயல்களிற் காணும் நெகிழிக் கலம் அதன் நேர் வழித்தோன்றல்.

இலங்கைக்கு அது பிந்தி வந்தது. கோப்பித் துரு நோய் இங்கு 1869இல் இனங்காணப்பட்டது. அந்நோயின் வித்திகள் இலையின் அடிப்புறத்து இலைவாய்களினூடாகவே உட்புகும் என்பதை 1880 முதல் 1882 வரை இங்கு ஆராய்ந்த மார்ஷல் வார்ட் விளக்கினார். அடிப்புறத்தை மூடவல்ல துமியும், அதிற் கரைக்கத்தக்க செம்பும் பரவலான பயன்பாட்டுக்கு வருவதற்குள் கோப்பித் தொழில் வீழ்ந்து தேயிலை எழுந்துவிட்டது. 1946இல் தேயிலையைக் கொப்புள நோய் தாக்கியபோது நிலைமை வேறு. செப்பு மருந்தைச் சுமந்துசெல்ல முதுகுக் கருவியும் இருந்தது, முதுகுகளும் இருந்தன. அம்முதுகுகளுக்குரியோரின் பெரும்பாலாரின் குடியுரிமை ஈராண்டுகளின் பின், 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் மறுக்கப்பட்டது. தேயிலைச் செடியைக் காத்த வேகத்தையும் தொழிலாளரைக் கைவிட்ட வேகத்தையும் அருகருகே வைத்துப் பார்ப்பது வரலாற்று மாணவருக்கு உதவும்.

அதே 1946இல் வேறொரு விசிறலும் நாடெங்கும் தொடங்கியிருந்தது. 1934–35ஆம் ஆண்டுகளின் மலேரியாக் கொள்ளைநோயில் ஏறத்தாழ எண்பதாயிரம் பேர் மடிந்தனர். சூரியமல் இயக்கத்தினர் கிராமங்களிற் செய்த நிவாரணப் பணியினூடாகவே இந்நாட்டின் இடதுசாரி இயக்கம் மக்களிடையே வேரூன்றியது என்பது யாவரும் அறிந்ததே. போரின் பின் டி.டி.ரி. வீட்டுச் சுவர்களின் உட்புறத்தில் விசிறப்பட்டது. குருதி குடித்த நுளம்பு சுவரில் தங்கும் வழக்கமுடையது. ஆதலின் அங்கு வேண்டப்பட்டது மிதக்கும் துமியன்று, சுவரிற் படிந்து நிலைக்கும் பருந்துளி. இன்று டெங்குக்கு அடிக்கும் 'புகை' இதற்கு நேர்மாறானது. அது புகையுமன்று; சூட்டால் ஆவியாக்கப்பட்ட எண்ணெய் வெளியே வந்து குளிர்ந்து ஒடுங்கிய நுண்துமி. பறக்கும் நுளம்பில் மோதும்வரை அது மிதக்க வேண்டும். மிதந்தபின் எச்சமின்றிக் கலைந்துவிடும். டி.டி.ரி. விசிறலின் பயன் சிறிதன்று. 1963இல் நாடு முழுவதிலும் பதினேழு மலேரியா நோயாளரே பதிவாயினர். விழிப்புத் தளர்ந்ததும் 1968–69இல் நோயாளர் தொகை ஐந்து இலட்சத்தைத் தாண்டியது. உள்நாட்டில் தொற்றிய கடைசி நோயாளர் 2012இல் இனங்காணப்பட்டார். 2016இல் நாடு மலேரியா அற்றதெனச் சான்றுபெற்றது. கண்காணிப்பும் குருதிப் பரிசோதனையும் பொதுச் சுகாதார சேவையும் இன்றி விசிறுமுனை மட்டும் இதைச் சாதிக்கவில்லை.

விசிறுபவரிடம் மீள்வோம். விசிறுமுனை 150 மைக்கிரோமீற்றர்த் துளி தருமென்று சொல்லும்போது அது ஒரு நடுவளவே. மெய்யாக வெளிவருவது பத்திலிருந்து முந்நூறு, நானூறு வரையான துளிகளின் கலவை. தலைக்குரிய வருமானத்தின் சராசரி எவ்வளவை மறைக்குமோ அவ்வளவை இதுவும் மறைக்கும். 200 மைக்கிரோமீற்றர்த் துளியொன்றின் கனவளவு 10 மைக்கிரோமீற்றர்த் துளிகள் எண்ணாயிரத்தினதற்குச் சமம். ஆகவே மருந்தின் பெரும்பகுதி பெருந்துளிகளிற் சென்று இலையிலிருந்து வழிந்து நிலத்தில் விழ, எண்ணிக்கையில் மிக்க சிறு துளிகள் காற்றோடு போகின்றன. அமுக்கம் கூடினால் துளி மேலும் சிறுக்கும். ஆனால் வெளிவரும் அளவை இருமடங்காக்க அமுக்கத்தை நான்கு மடங்காக்க வேண்டும். நாளொன்றுக்கு இத்தனை ரேங்க் என வேலை அளந்து கொடுக்கப்படுமிடத்து, தொழிலாளி விரைந்து அடிப்பார், அமுக்கம் ஏறும், வேலை சிறிதே விரைவுபெறும், மிதக்கும் துமியோ பெருமளவு கூடும். கூலி கணக்கிடப்படும் முறை துளியின் விட்டத்தையே மாற்றிவிடுகிறது.

விசிறுபவரின் உடலிற் சேரும் நஞ்சில் பெரும்பங்கு மூச்சுவழி வருவதன்று; தோல்வழி வருவது. முன்னே விசிறி அதற்குள்ளேயே நடந்துசெல்பவரின் கால்கள் நனைந்த இலைகளில் உராய்கின்றன. கலத்தின் மூடி கசிந்து முதுகு நனைகின்றது. முனை அடைபட்டால் ஒருவர் கம்பியாற் குத்துவார், இன்னொருவர் வாயால் ஊதுவார்; முதலாவதால் துவாரம் கெடும், இரண்டாவதால் ஆள் கெடுவார். பரகுவாற் களைநாசினியை நெடுங்காலம் விசிறியோரின் நகங்கள் சிதைவதும் மூக்கில் இரத்தம் வடிவதும் மருத்துவ நூல்களில் இடம்பெற்றவை. அதன் துளிகளிற் பெரும்பாலானவை நுரையீரலின் சிற்றறைகளை எட்டாத அளவு பெரியவை. ஆகவே விசிறல் பாதுகாப்பானது என்று வாதிடப்பட்டது. மூக்கு யாருடையது என்ற கேள்வி அவ்வாதத்தில் எழவில்லை.

'பாதுகாப்பான பயன்பாடு' என்ற கோட்பாடு இத்தகைய வாதங்களின் திரட்சி. கையுறை, முகமூடி, நீர்புகா அங்கி ஆகியவற்றைப் போத்தலின் சிட்டையில் படமாக வரைந்துவிட்டால், நோயுறுபவர் அறிவுரையை மீறியவர் ஆகிவிடுகிறார். முப்பத்திரண்டு பாகை வெப்பத்தில் நீர்புகா அங்கியுடன் இரண்டு ரேங்க் அடித்துப் பார்க்காதவர் வரைந்த படம் அது. அசௌகரியமும் அதிக விலையுமுடைய காப்புடை வேண்டும் நாசினிகளை வெப்பநாட்டுச் சிறு விவசாயிகள் விடயத்தில் தவிர்க்கவேண்டும் என்று ஐக்கிய நாடுகள் உணவு விவசாய நிறுவனத்தின் நடத்தைக் கோவை 1985லேயே கூறியது. இலங்கையின் 1980ஆம் ஆண்டு 33ஆம் இலக்கப் பீடைநாசினிகள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் 1984இல் பரதையோனும், 1995இல் மிகக் கொடிய வகுப்பில் எஞ்சியிருந்தவையும் விலக்கப்பட்டன. பரகுவாற் 2008க்குப் பின் படிப்படியாக நிறுத்தப்பட்டது. உயிர்காத்தவை படங்களல்ல, இத்தடைகளே. ஆனால் 2021 மே மாதத்தில் இரசாயன உரத்தையும் நாசினிகளையும் ஒருங்கே தடைசெய்த ஆணையை இவற்றோடு சேர்க்கலாகாது. விவசாயியைக் கேளாது பிறந்த அது, அவ்வாண்டு நவம்பரில் கைவிடப்படுமுன் ஒரு போகத்தையே குலைத்துவிட்டது.

இக்கட்டுரையாசிரியரின் சிறிய தந்தையார் வலிகாமத்தின் செம்மண் தறையில் வெங்காயம் செய்பவர். எட்டாம் வகுப்பிற்கு மேற் படியாதவர். காற்று அறவே அடங்கிய விடியலில் அவர் மருந்தடிக்கமாட்டார். "காத்துச் செத்துக் கிடந்தா மருந்து அப்பிடியே தலைக்கு மேல நிக்கும். கொஞ்சம் அசையவேணும், அசையிற பக்கம் ஆள் இருக்கக்குடாது" என்பார். நிலத்தையொட்டிய குளிர்ந்த வளியின்மேல் சூடான வளி மூடிபோற் கிடக்கும்போது நுண்துளிகள் கலையாது மிதக்கும் என்று வளிமண்டலவியலார் சொல்வதும் இதுவே. எதிர்க்காற்றில் ஏறிச் செல்லாமல், குறுக்கே, பின்வாங்கி நடந்தபடி விசிறுவார். நெம்புகோலின் வேகம் எப்படியிருந்தாலும் அமுக்கத்தை ஒரேயளவில் நிறுத்தும் சிறிய வால்வு ஒன்று உண்டென்று விவசாயப் போதனாசிரியர் ஒருவர் சொல்லக் கேட்டு, அதை மூன்று கடைகளிலே தேடிக் கிடைக்காமல் திரும்பியவர். ஒவ்வொரு போகத்தின் தொடக்கத்திலும் வெறும் தண்ணீரை ரேங்கில் ஊற்றி, முனையைக் காய்ந்த செம்மண்ணுக்கு நேரே ஒரு முழ உயரத்திற் பிடித்து இரண்டு தடவை அடிப்பார். மண்ணில் வளையமொன்று கருமையாக விழும். எல்லாப் பக்கமும் ஒரேயளவு தடித்திருந்தால் முனை நல்லது. ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்திருந்தாலோ, நடுவில் ஈரம் பட்டிருந்தாலோ, துவாரம் தேய்ந்துவிட்டதெனக் கண்டு அதைக் கழற்றி வேலிக்கப்பால் எறிந்துவிடுவார். பிள்ளைகள் எடுத்து வாயில் வைத்து ஊதாதபடி முதலிற் கல்லால் நசுக்கிய பின்புதான்.